கைப்பிடி அரிசியும் நம் காலமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கிறிஸ்தவ வாழ்க்கையும் இக்கால நாகரிகமும் என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் நமக்குக் கட்டளையிட்டனர். பொருளோ கடல்போன்றது. கடலை அளக்கப் புறப்படாமல், நம் தாய்மாரின் அடுப்பங்கரையில் இருந்த ஒரு சிறு கலயத்தை மட்டும் இன்று உங்கள் முன் வைக்கிறோம். அது கைப்பிடி அரிசிக் கலயம். இச்சங்கத்தில் சைவரும் வைணவரும் கிறிஸ்தவரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கிறோம். ஆகையால் கிறிஸ்தவர் வீட்டில் தொடங்கும் இப்பேச்சு அவ்வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடாது என்பதை முதலிலேயே சொல்லிக்கொள்கிறோம்.

அக்கலயத்தின் வழக்கம் இது: இல்லாள் சமையலுக்கு அரிசியை அளந்தெடுப்பாள். அதைக் களைந்து உலையில் இடுவதற்கு முன்னே ஒரு பிடி அள்ளித் தனியே உள்ள கலயத்தில் போடுவாள். வேளைக்கு ஒரு பிடி. வீட்டில் பத்துப்பேர் உண்டாலும் ஒரு பிடி, இருவர் உண்டாலும் ஒரு பிடி. குறித்த நாளில் அக்கலயத்து அரிசி ஆலயத்துக்குப் போகும். அங்கே எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாய்க் கலந்து, விலையாகி, தரும காரியங்களுக்கும் ஊழியத்துக்கும் செலவாகும். குவியலில் எந்த மணி எவ்வீட்டது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. திருநெல்வேலிச் சீமையின் சபைகள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாய் நடந்துவந்த வழக்கம் இது.

இவ்வழக்கத்தின் அருமையை அறியவேண்டின் நம் நிலத்தின் இயல்பை நினைக்க வேண்டும். பொதிகையிற் பிறந்து பாபநாசத்தில் மலையிறங்கி வருகிற தாமிரபரணி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் என்னும் ஊர்களின் வயல்களை நனைத்து, நெல்லை விளைவித்துக் கடலையடைகிறது. ஆற்றங்கரையில் அரிசிக்குக் குறைவில்லை. ஆனால் கிறிஸ்து மார்க்கம் அதிகமாய் வேரூன்றிய ஊர்களோ பெரும்பாலும் ஆற்றங்கரை ஊர்கள் அல்ல. 1799-ஆம் வருஷம் எழுந்த முதலூர், கால்டுவெல் ஐயர் வாழ்ந்த இடையன்குடி, மெஞ்ஞானபுரம், நாசரேத் ஆகிய இவை செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த வானம் பார்த்த பூமியில் அமைந்தவை. அங்கே அக்காலத்து ஏழைக் குடும்பங்களுக்குக் கம்பும் பதநீரும் கருப்புக்கட்டியும் பனங்கிழங்குமே பிழைப்பு. அரிசி விலை கொடுத்து வாங்கவேண்டிய பண்டம். பண்டிகை நாளில் சோறு கண்ட பிள்ளைகள் அதைப் பல நாள் பேசுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் உலைக்குப் போகவேண்டிய அரிசியில் ஒரு பிடி விலகிப் போயிற்று என்றால் அது எளிய காரியமன்று. அன்று யாரோ ஒருவர் ஒரு கவளம் குறைய உண்டார். அது பெரும்பாலும் கலயத்தில் இட்ட அந்தத் தாயாகவே இருந்திருப்பாள்.

அந்தப் பிடி எங்கே போயிற்று என்பதையும் சொல்லுகிறோம். 1874-ஆம் வருஷம் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் வீட்டிற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பவர், வாலிபர் சங்க ஊழியராய் 1902-ஆம் வருஷம் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தைக்கொண்டு தங்கள் மனிதரைத் தூரதேசத்துக்கு ஊழியராய் அனுப்பி வந்ததைக் கண்டார். ஈழத்துத் தமிழர் செய்வதைப் பொருநைத் தமிழர் ஏன் செய்யலாகாது என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. மறு வருஷம், 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அந்நிய தேசத்துப் பணத்தை எதிர்பாராமல், இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பதே அதன் நியமம். ஐதராபாத் நிஜாம் ராஜ்யத்தில், இன்று தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லில், 1904-இல் அதன் ஊழியம் தொடங்கிற்று. பனங்காட்டுப் பெண்களின் கைப்பிடி அரிசியும் அவ்வூழியத்தைத் தாங்கியவற்றில் ஒன்று.

பின்னர் அசரியா அவர்களே அவ்விடம் சென்றார். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்த ஸ்தானத்துக்கு உயர்ந்த முதல் இந்தியர் அவரே. 1945 ஜனவரி முதல் தேதி அவர் காலஞ்சென்றபோது அந்த அத்தியட்சாதீனத்தில் கிறிஸ்தவர் தொகை இலட்சத்துக்கு மேல் இருந்தது. அவர்களில் மிகப்பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் ஏழைக் கூலிக்குடியினர். அவ்வேழைப் பெண்களுக்கும் அசரியா கைப்பிடி அரிசி வழக்கத்தைக் கற்பித்தார். பெற்றவர்கள் கொடுப்பவர்களானார்கள். இரந்து நிற்பவன் ஒருபோதும் தலைநிமிரான். தன் கலயத்திலும் பிறர்க்கென ஒரு பிடி உண்டு என்று அறிந்தவன் அன்றே தலைநிமிர்ந்தான். தருமம் பெறுபவனைக் காட்டிலும் தருமம் செய்பவனையே அதிகமாய் உயர்த்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி இவ்வழக்கத்தின் உட்பொருளை ஆராய்வோம். அதில் மூன்று குணங்கள் உள்ளன.

முதலாவது, அது முற்படக் கொடுப்பது. உண்டு மிஞ்சியதைக் கொடுப்பது வேறு, உண்ணுமுன் எடுத்துவைப்பது வேறு. மிஞ்சியதைக் கொடுப்பவன் தன் வீட்டைச் சுத்தம் செய்கிறான். முற்பட எடுத்துவைப்பவன் தன் மனத்தைச் சுத்தம் செய்கிறான். பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி சாறிபாத்துக்கு வந்த சரித்திரம் உங்களுக்குத் தெரியும். அங்கிருந்த விதவையிடம் எஞ்சியிருந்தது ஒரு கையளவு மாவும் சிறிது எண்ணெயும். அதை ஆக்கி, மகனோடு உண்டு, பின் சாவை எதிர்நோக்கியிருந்தாள் அவள். முதலில் எனக்கு ஓர் அடை செய்து கொடு என்று தீர்க்கதரிசி கேட்டார். கேட்பதற்கு எவ்வளவு கடினமான வார்த்தை! ஆயினும் அவள் முதலிற் கொடுத்தாள். பஞ்சம் தீருமளவும் அவள் பானை வெறுமையாகவில்லை என்று வேதம் சொல்லுகிறது. நம் பாட்டிமார் தேரிக்காட்டில் நின்று செய்தது சாறிபாத்தின் காரியமேயாம்.

இரண்டாவது, அது நாள்தோறும் கொடுப்பது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர்க்கு மன்னா அன்றன்றே இறங்கிற்று. மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்தது. ஆண்டவர் தம் சீஷர்க்குக் கற்பித்த ஜெபமும் இன்றைய உணவை இன்று கேட்பதேயன்றி வருஷத்துக்குக் கேட்பதன்று. உணவு அன்றன்று வருமாயின், தருமமும் அன்றன்று செல்லவேண்டாவோ? ஒரு நாளில் ஓராயிரம் கொடுத்தவன் மறுநாள் பழைய மனிதனாகவே எழுந்திருக்கலாம். ஆயிரம் நாள் ஒவ்வொரு பிடி கொடுத்தவள் பழைய மனுஷியாக இருத்தல் கூடாத காரியம். கை பழகினால் மனம் பழகும். மனம் பழகினால் குணம் அமையும். சுயமுன்னேற்றம் என்று இக்காலத்தில் எத்தனையோ புத்தகங்களும் போதனைகளும் விலையாகின்றன. அவற்றின் சாரம் முழுதும் அக்கலயத்தின் அடியில் இருந்தது.

மூன்றாவது, அது பேரில்லாமல் கொடுப்பது. பிடி அரிசிக்கு இரசீது இல்லை, கல்வெட்டு இல்லை. தாய் அதை இட்டதைக் கண்டது அடுப்பங்கரையில் விளையாடிய குழந்தை ஒன்றே. ஆனால் அக்குழந்தை கண்டதே பெரிய கல்வியாயிற்று.

இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய சொத்து என்று நாம் சொல்லவரவில்லை. நம் சமூகத்தார் பேட்டைகளில் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்துவைத்துப் பொதுக்காரியங்கள் செய்த வரலாற்றை இச்சங்கத்தில் விவரிக்க வேண்டியதில்லை. அந்நாளில் விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில் 1889-ஆம் வருஷம் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து நடந்ததாகையால் பிடியரிசிப் பள்ளி என்றே பேர்பெற்றது. காமராஜர் அவர்கள் கல்வி கற்றது அப்பள்ளியிலேதான். வடகிழக்கே மிசோரம் நாட்டிலும் 1910-ஆம் வருஷமளவில் கிறிஸ்தவப் பெண்கள் வேளைக்கு ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கத் தொடங்கினர். இன்று அது வருஷந்தோறும் கோடிக்கணக்கான ரூபாயாய்ப் பெருகி அவர்கள் சபையைத் தாங்குகிறது.

இன்னும் அண்மையான ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் ஆற்றங்கரை கண்ட பெருவெள்ளத்தை எவர் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போனதால், ஸ்ரீவைகுண்டத்தில் ஏறக்குறைய 800 பிரயாணிகளோடு நின்றுவிட்டது. அருகிலுள்ள புதுக்குடி கிராமத்தார், தங்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்த அவ்வேளையில், கோயிலில் அடுப்பு மூட்டிச் சோறாக்கி, பேரும் ஊரும் தெரியாத அப்பிரயாணிகளுக்கு உணவளித்தனர். யார் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று அன்று உலை கேட்கவில்லை. அவர்களுக்கு அச்சமயத்தில் அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? வெள்ளம் வந்த அன்றைக்கு ஒருவன் புதிதாய்த் தருமம் கற்றுக்கொள்ள மாட்டான். வெள்ளம் வராத நாட்களில் கற்றதையே வெள்ளம் வெளிப்படுத்துகிறது.

இப்படிப்பட்ட செல்வத்தை இக்காலத்தில் நாம் எந்நிலையில் வைத்திருக்கிறோம்? பல வீடுகளில் கலயம் மறைந்தது. அரிசிக்குப் பதிலாக மாதத்துக்கு ஒருமுறை ஓர் உறையில் ஒரு நோட்டு. இப்போது அந்த உறையும் வேண்டியதில்லை. கைப்பேசியை விரலால் தொட்டால் காணிக்கை போய்விடுகிறது. இதை நாம் பாவம் என்று சொல்லவில்லை. கணக்குச் சுத்தமாகிறது, காலமும் மிச்சமாகிறது. ஆனால் தொட்ட விரலுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அருகிலிருக்கும் குழந்தைக்கும் ஒன்றும் தெரிவதில்லை. மற்றொரு பக்கமோ, கொடுப்பதெல்லாம் கண்காட்சியாகிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகிறது. ஏலம் எடுத்தவர் பேர் ஒலிபெருக்கியில் மும்முறை முழங்குகிறது. மின்விசிறியின் இறகில் உபயகாரர் பேர், சுவர்க்கடிகாரத்தில் உபயகாரர் பேர். விவாகத்துக்கு ஊரெங்கும் விளம்பரத் தட்டிகள். ஒரே நாளில் பலர்க்குச் சோறிட்டு இலையில் பாதி எறியப்பட, மறுநாள் வேலைக்காரிக்கு முன்பணம் கேட்டால் முகம் சுளிக்கிறோம். முற்பட, நாள்தோறும், பேரின்றி என்னும் அம்மூன்றுக்கும் நேர்மாறாக, மிஞ்சியதை, எப்போதோ ஒருநாள், பேரோடு கொடுப்பதே இக்கால நாகரிகமாயிற்று.

அப்படியாயின் எல்லாரும் மறுபடியும் கலயம் வாங்குங்கள் என்பதுதான் நம் பேச்சின் முடிவோ என்று வாலிபர்கள் நினைக்கலாம். வாங்கினால் நல்லதே. ஆனால் நாம் சொல்லவந்தது அதற்கும் அப்பாற்பட்டது. பாட்டிமார் அரிசியைக் கொடுத்ததற்குக் காரணம் அரிசி உயர்ந்த பொருள் என்பது மட்டுமன்று. அது அவர்களுக்கு அருமையான பொருள். இன்றோ நம் மாகாணத்தில் 2011-ஆம் வருஷம் முதல் அரிசிக் குடும்ப அட்டைக்காரர்க்கு அரிசி விலையின்றிக் கிடைத்து வருகிறது. தேரிக்காட்டிலும் தினம் சோறு உண்டு. இது பெரும் பாக்கியம். இதற்காகக் கடவுளுக்கு ஸ்தோத்திரம். ஆகவே இன்று ஒரு பிடி அரிசி கொடுப்பதால் நம் வயிற்றில் ஒரு கவளமும் குறைவதில்லை. நமக்கு இன்று எது அருமையோ, அதிலிருந்தே நம் பிடி எடுக்கப்பட வேண்டும்.

நமக்கு இன்று எது அருமை? நேரம் அருமை. யாரைக் கேட்டாலும் நேரமில்லை என்பதே மறுமொழி. நம் ஊர்களைச் சற்று நடந்து பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். மாடி வைத்த பெரிய வீடு. வாசலில் இரும்புக் கதவு. உள்ளே ஒரு தகப்பனும் தாயும், அல்லது இருவரில் எஞ்சிய ஒருவர். மாதம் தவறாமல் பணம் வருகிறது. வராதது குரல். வாரத்துக்கு ஒருமுறை கைப்பேசி ஒலித்தாலும், மருந்து சாப்பிட்டீர்களா, பணம் வந்ததா என்ற இரண்டு கேள்வியோடு பேச்சு முடிந்துபோகிறது. அந்தத் தாய் அரிசிக்குப் பசித்திருக்கவில்லை. ஒரு வார்த்தைக்குப் பசித்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருப்பவர்களும் இதில் மேலானவர்கள் அல்லர். நால்வர் கூடத்தில் அமர்ந்து நான்கு கைப்பேசிகளைப் பார்க்கிறார்கள். குடும்ப ஜெபத்துக்கு மணி அடிக்க ஆளில்லை.

ஆகையால் நாம் இச்சங்கத்தாருக்குச் சொல்வது யாதெனில், கைப்பிடி அரிசியைக் கைப்பிடி நேரமாக்குங்கள். நாள்தோறும் கால்மணி நேரம் போதும். ஆனால் அந்தக் கால்மணி நேரம் வேலையெல்லாம் முடிந்து கண் சொருகும்போது மிஞ்சுகிற நேரமாக இருத்தலாகாது. உலையில் இடுமுன் எடுத்த பிடிபோல முற்பட எடுத்த நேரமாக இருக்கவேண்டும். அதைத் தகப்பனாரோடு பேசுவதற்குக் கொடுங்கள்; அடுத்த தெருவில் தனித்திருக்கும் ஆச்சிக்குக் கொடுங்கள்; எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுகிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுத்ததைப் படமெடுத்து ஊருக்குக் காட்டாதீர்கள்.

ஒரு கால்மணி நேரத்தால் என்ன ஆகும் என்று ஏளனமாய் நினைக்க வேண்டாம். கணக்குப் பார்ப்போம். ஒரு பிடி அரிசி சுமார் 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு இருவேளை, மாதத்துக்கு 3 கிலோ, வருஷத்துக்கு 36 கிலோ. 200 வீடுள்ள ஊரில் வருஷத்துக்கு 7,200 கிலோ, அதாவது ஏழு டன்னுக்கு மேல். எவரும் ஏழையாகாமலே ஒரு களஞ்சியம் நிறைகிறது. அதுபோலவே நாளைக்குக் கால்மணி நேரம் என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 91 மணி நேரம். அத்தனை மணி நேரத்தில் ஒரு குழந்தை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், சுவெய்ன்சன் அம்மையார் செவிப்புலன் அற்றோர்க்கும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் கல்வி தொடங்கியபோது, பெரிய மாளிகையைக் கட்டிவிட்டுத் தொடங்கவில்லை. ஒரு சில பிள்ளைகளோடு, ஒவ்வொரு நாளும், பொறுமையோடு அமர்ந்து தொடங்கினார்கள். இன்று அந்நகரத்தில் நிற்கும் பெரிய பள்ளிகளின் வித்து அந்தப் பொறுமையே.

கடைசியாக ஒரு வார்த்தை. சாதிச் சங்கத்தின் மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமற்போனால் நாம் கடமை தவறியவராவோம். நம் மகமையும் நம் நிதியும் நம்மவர்க்கே என்று காப்பது இயற்கை. தாழ்த்தப்பட்டிருந்த ஒரு சமூகம் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள அது வேண்டியதாயுமிருந்தது. ஆனால் தேரிக்காட்டுத் தாய் இட்ட பிடி தன் சாதிக்குப் போகவில்லை; தன் பாஷை பேசாத, தன் உறவல்லாத, உலகம் தீண்டாது ஒதுக்கிய மக்களிடம் போயிற்று. விருதுநகரின் பிடியரிசிப் பள்ளியும் மற்றச் சமூகத்துப் பிள்ளைகளுக்குக் கதவடைக்கவில்லை. நம் முன்னோர் மேலோர் தெருவில் நடக்க உரிமை கேட்டுப் போராடினவர்கள். அந்நினைவு நமக்கு இருக்குமாயின், நம் தெருவுக்கு அப்பாலுள்ள தெருவை நாம் எவ்விதம் நடத்துகிறோம் என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் கொடுக்கும் கால்மணி நேரம் நம் வேலிக்குள்ளேயே சுற்றிவருமாயின் அது தருமமன்று, கைம்மாற்றுக் கடன். வாரத்தில் ஒரு நாளாவது அது வேலியைத் தாண்டட்டும். சங்கம் நடத்தும் மாலை வகுப்பில் அடுத்த தெருப் பிள்ளையும் வந்து அமரட்டும்.

தாய்மார்களே! இவ்வழக்கத்தைக் காத்தவர்கள் நீங்கள். மீட்கவேண்டியவர்கள் நீங்கள் மட்டுமல்ல. ஆடவரும் அடுப்பங்கரைக்கு வரட்டும், பிள்ளைகளும் தங்கள் சிறு கையால் ஒரு பிடி அள்ளட்டும். குழந்தையின் பிடியில் கொஞ்சம் அரிசிதான் நிற்கும். ஆண்டவர் எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கெதிரே அமர்ந்து, செல்வர் இட்ட பொன்னை விட்டு, ஏழை விதவை இட்ட இரண்டு காசைத்தான் எண்ணினார். அவர் எண்ணும் கணக்கு இன்னும் மாறவில்லை.

 எல்லாம்வல்ல இறைவன் நம் கலயங்களையும் நம் நாட்களையும் ஆசீர்வதிப்பாராக.